ஓனர் கையெழுத்து

“அண்ணா, இப்பிடி ஒரு டிரைவர் இருக்குதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?”

கேட்டவன் எனக்குப் பங்காளி முறையில் தம்பி. பொங்கலூரில் அவன் அப்பாவின் கோழிப்பண்ணையை ஒட்டிய ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பிரிண்ட் டிசைன் போட்டுத் தருகிறான். அவன் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

தெரியும். ஒன்பது மாதமாகத் தெரியும்.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியில் டிசைன் வேலை செய்யும் பலரைப் போல அவனும் கிராக் போட்ட விண்டோஸ், கிராக் போட்ட டிசைன் மென்பொருள் என்றுதான் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் அந்த கிராக் வழியாகவே ஏதோ ஒன்று உள்ளே வந்து, ஒரு வருடத்து டிசைன்களை மொத்தமாகப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அழாத குறையாக என்னிடம் வந்தான். நான் இருபது வருடமாக லினக்ஸ் ஆள். பிடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டரைத் துடைத்து டெபியன் போட்டுக் கொடுத்தேன். டிசைனுக்கு இங்க்ஸ்கேப், கிம்ப். பையருக்கு சாம்பிள் தைத்து அனுப்பும் முன் டி-சர்ட் எப்படி இருக்கும் என்று முப்பரிமாணத்தில் காட்ட பிளெண்டர். எல்லாம் கட்டற்ற மென்பொருள். காசும் இல்லை, களவும் இல்லை. “இனிமேல் உன் மெஷினுக்கு நீதான் தம்பி முதலாளி” என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன்.

அந்த மெஷினில் அவன் கோயமுத்தூரில் பழைய விலைக்கு வாங்கிய என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 கார்டு ஒன்று இருந்தது. அதன் முழு வேகமும் வேண்டுமென்றால் அந்தக் கம்பெனி தரும் மூடிய டிரைவரைப் போட வேண்டும். நான் போடவில்லை. இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு படம் ரெண்டர் ஆக முக்கால் மணி நேரம் ஆகிறதே என்று அவன் கேட்டபோது, “கார்டு பழசு தம்பி, அவ்வளவுதான்” என்றேன்.

மாடல் படம் நேரத்துக்குப் போகாமல் ஒரு மெர்ச்சன்டைசரின் வேலை அவன் கையை விட்டுப் போனது. அடுத்த வாரம் திருப்பூர் நண்பன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, “ஏன்டா, டிரைவரே போடாம வெச்சிருக்க?” என்று கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு வந்ததுதான் மேலே உள்ள கேள்வி.

டிரைவர் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. கார்டு என்பது தனி பாஷை பேசும் ஒரு வேலைக்காரன். கம்ப்யூட்டரின் கெர்னல் சொல்வதை அந்தப் பாஷையில் மாற்றிச் சொல்லும் துபாஷிதான் டிரைவர். அந்தப் பாஷையின் இலக்கணத்தைக் கம்பெனி வெளியிட்டால் யார் வேண்டுமானாலும் துபாஷி ஆகலாம். ஏஎம்டி 2007இல் தன் கார்டுகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. என்விடியா துபாஷியை மட்டும் அனுப்பியது, இலக்கணத்தைத் தரவில்லை. அதனால் சில தன்னார்வலர்கள் அந்த மூடிய டிரைவர் கார்டிடம் என்ன பேசுகிறது என்று ஒட்டுக்கேட்டு, ஒவ்வொரு சொல்லாகக் குறித்துவைத்து, தாங்களே ஒரு டிரைவரை எழுதினார்கள். நூவோ என்று அதற்குப் பெயர். 2010இல் வந்த 2.6.33 கெர்னலில் அது சேர்ந்தது. கணினி உலகில் நான் மிகவும் மதிக்கும் உழைப்புகளில் ஒன்று அது. ஆனால் 2014இல் வந்த 900 வரிசைக் கார்டுகளிலிருந்து, கம்பெனியின் கையொப்பம் இட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் கார்டின் வேகத்தைக் கூட்ட முடியாது என்று ஆகிவிட்டது. பாஷை தெரிந்தும் பயனில்லை, வேலைக்காரன் முத்திரை மோதிரத்தைக் கேட்கிறான். தம்பியின் 1060 கார்டும் அந்தப் பூட்டுக்குள் வருவதுதான். நூவோவில் அது படம் காட்டும், ஓடாது, நடக்கும். பிளெண்டர் அதை ரெண்டருக்குத் தொடவே தொடாது.

2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி ஒரு பெண் கேட்டபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். நாங்கள் பழகியதிலேயே மோசமான கம்பெனி இதுதான் என்றார். அந்த வீடியோவை நான் எத்தனை முறை பார்த்து ரசித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் ஒன்று: நடுவிரலைக் காட்டிய அதே மனிதரின் கெர்னல் அந்த மூடிய டிரைவரை உள்ளே ஏற்ற மறுப்பதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் மூலக்கதையும் இதே மாதிரி ஒன்றுதான். 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்தில் ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர். காகிதம் சிக்கிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. பழைய பிரிண்டரின் நிரலில் மாற்றம் செய்து, சிக்கினால் எல்லோருக்கும் செய்தி போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் செய்துவைத்திருந்தார். புதியதற்கு நிரல் தரப்படவில்லை. அது கையில் இருந்த ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டார். வெளியே தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், முடியாது என்றார் அவர். அந்தக் கசப்பு வளர்ந்து 1983இல் க்னூ திட்டமாக அறிவிக்கப்பட்டது. நான் எல்லோருக்கும் சொல்லும் கதை இது. தம்பிக்கும் சொல்லியிருக்கிறேன். அவன் கேள்விக்கு முன்னால் நின்றபோதுதான் கதையின் இன்னொரு பக்கம் உறைத்தது. தெரிந்தவன் தெரியாதவனிடமிருந்து மறைத்தான் என்பதல்லவா ஸ்டால்மனின் குறை? தம்பியின் கதையில் தெரிந்தவன் யார்?

என்னிடம் நியாயங்கள் தயாராக இருந்தன. மூடிய டிரைவர் என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை விட்டால் அடுத்தடுத்து விடச் சொல்லும். சுதந்திரத்துக்குக் கொஞ்சம் வேகத்தை விலையாகத் தரத்தான் வேண்டும். இவை எல்லாமே சரியான வாதங்கள்தான், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த விலையைக் கொடுத்தது நான் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு, கோழிகளின் சத்தத்துக்கு நடுவே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவன். என் கொள்கையின் விரதத்தை அவன் பட்டினி கிடந்து நிறைவேற்றியிருக்கிறான், அது விரதம் என்று தெரியாமலே.

இந்த இடத்தில் டெபியன்காரர்களின் ஒரு வாக்கெடுப்பைச் சொல்ல வேண்டும். கொள்கைப் பிடிவாதத்துக்குப் பேர்போன கூட்டம் அது. அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் கட்டற்றதைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள். மூடிய ஃபர்ம்வேர் வேண்டுமென்றால் வேறு வட்டைத் தேடிப் போக வேண்டும். 2022இல் இதை மாற்றலாமா என்று விவாதம் வந்தது. அதில் என்னை உலுக்கிய வாதம் ஒன்று உண்டு. பார்வையற்ற ஒருவர் டெபியனை நிறுவ வேண்டுமானால் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இன்றைய பல லேப்டாப்களில் ஒலி வருவதற்கே மூடிய ஃபர்ம்வேர் தேவை. வட்டு சுத்தமாக இருந்தால் அவர் முன்னால் அந்த மெஷின் ஊமையாக இருக்கும். நம் சுத்தத்துக்கான விலை எப்போதும் நம் வீட்டு விலாசத்துக்கே வருவதில்லை.

வாக்கெடுப்பில் அனுமதிக்கும் தரப்பு ஜெயித்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்து அந்த ஃபர்ம்வேர் வட்டிலேயே இருக்கிறது. ஆனால் தீர்மானத்தில் ஒரு நிபந்தனையும் சேர்த்தார்கள்: எந்தெந்த ஃபர்ம்வேர் ஏற்றப்பட்டது, அதில் எது மூடியது என்பதை நிறுவுபவருக்குச் சொல்ல வேண்டும், பிறகு தேடிப் பார்க்கும்படி அவர் கம்ப்யூட்டரிலேயே எழுதியும் வைக்க வேண்டும். அதாவது, விடலாம், ஆனால் சொல்லாமல் விடக் கூடாது. இந்தத் தீர்மானத்தை அது வந்த நாளிலேயே படித்தவன் நான். படித்துவிட்டுத்தான் தம்பியிடம் “கார்டு பழசு” என்றேன்.

“தெரியும் தம்பி. சொல்லியிருக்கோணும். தப்புதான்” என்றேன்.

“அட, அத விடுங்ண்ணா. இப்பப் போட்டுறலாமுங்களா? காலைல ஒரு படம் அனுப்போணும்.”

போட ஆரம்பித்தோம். தொகுப்புப் பட்டியலில் மூடியவற்றுக்கான பகுதியைத் திறந்து, கெர்னல் ஹெடர்களை இறக்கி, டிரைவரை நிறுவினோம். கெர்னலோடு ஒட்டும் பகுதி அந்த மெஷினிலேயே தொகுக்கப்பட்டது. மெஷினில் செக்யூர் பூட் போட்டிருந்தது. அதாவது நம்பகமான கையொப்பம் இல்லாத எதையும் கெர்னல் உள்ளே விடாது. அதற்கு வழி உண்டு. நாமே ஒரு சாவியை உருவாக்கி, அதை மெஷினிடம் பதிவு செய்து, அந்தச் சாவியால் டிரைவருக்குக் கையொப்பம் இடலாம். அந்தச் சாவிக்குப் பெயர் மெஷின் ஓனர் கீ.

“ஓனருங்களா?” தம்பி சிரித்தான். திருப்பூரில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் கனம் தெரிந்தவர்களுக்கு ஏன் சிரித்தான் என்று புரியும்.

சாவியைப் பதியச் சொல்லி, ஒரு கடவுச்சொல்லும் கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தோம். மறுபடி எழும்பும்போது ஒரு நீலத்திரை வரும். பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டி, ஓனர்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நிரூபிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து சித்தி டீ கொண்டுவந்தார். நான் டம்ளரை வாங்கத் திரும்பினேன். ஏதோ நீலமாக வந்து போனது என்று தம்பி சொன்னான். பிறகு திரை கறுத்துவிட்டது. மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

இருபது வருட அனுபவசாலி நான். மணி பதினொன்றரை. பழைய டிரைவர் விலக்கப்பட்டுவிட்டது, புதியதை உள்ளே விடவில்லை. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாததுதான் கஷ்டமாக இருந்தது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 தட்டி வெறும் எழுத்துத் திரைக்குப் போய், டிரைவரைக் கையால் ஏற்றிப் பார்த்தேன். ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று ஒரே வரி. சாவியை ஏற்க முடியாது. நல்ல பிழைச்செய்தி. எங்கே தவறு என்று சொல்கிறது, அந்த நேரத்தில் டீ குடித்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

மறுபடி பதிவு செய்தோம். இந்த முறை தம்பியே விசைப்பலகை முன் உட்கார்ந்தான். நீலத்திரை வந்ததும் தட்டி, பட்டியலில் சாவியைச் சேர்க்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, ஆம் என்று சொல்லி, கடவுச்சொல்லை அடித்தான். அடித்துவிட்டுக் கேட்டான்: “அண்ணா, உள்ள என்ன இருக்குதுன்னு நமக்குத் தெரியாது. ஆனா ஓனர்னு கையெழுத்து நம்முளுதுங்ளா?”

வாசற்படியில் உட்கார்ந்திருந்த சித்தப்பா இதைக் கேட்டுச் சிரித்தார். “கோழிக்கு அதேதான் கண்ணு” என்றார். பல்லடம், பொங்கலூர் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணை முறை தெரியாதவர்களுக்கு: குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. கொட்டகை, கரண்ட், தண்ணீர், உடம்பு பண்ணைக்காரருடையது. வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. பண்ணை வாசலில் பெயர் நம்முடையது. தீவன மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆனால் கோழி செத்தால் முதல் கேள்வி நம்மிடம்தான். ஒப்பந்தம் இங்கிலீஷில் இருக்கும் என்று சித்தப்பா சொல்வார். படிக்காமல் போட்ட கையெழுத்துகளைப் பற்றி அவருக்கு இருக்கும் அறிவு எனக்குக் கிடையாது.

மெஷின் எழும்பியது. டெஸ்க்டாப் வந்தது. பிளெண்டரில் அந்த டி-சர்ட் படம் ஆறு நிமிடத்தில் முடிந்தது. தம்பி இரண்டு முறை ஓட்டிப் பார்த்தான், நம்பாமல்.

நான் அவனுக்கு இன்னொன்றைக் காட்டினேன். கெர்னல் தன்னைப் பற்றிய ஒரு குறிப்பை எப்போதும் வைத்திருக்கும். ‘டெயின்டட்’ என்று அதற்குப் பெயர், கறைபட்டது என்று பொருள். ஒன்றும் கலக்காத கெர்னலில் அங்கே 0 இருக்கும். மூடிய டிரைவர் ஏறினால் 1 கூடும். கெர்னலின் சொந்த மூலத்தில் இல்லாத, வெளியே தொகுத்த டிரைவராக இருந்தால் 4096 கூடும். தம்பியின் கம்ப்யூட்டரில் பார்த்தோம்: 4097. கெர்னல் ஏதாவது ஒரு கட்டத்தில் தடுமாறி விழுந்தால், அது எழுதும் மரண வாக்குமூலத்தின் தலைப்பிலேயே இந்தக் கறையும் பதிவாகும். அதை எடுத்துக்கொண்டு கெர்னல்காரர்களிடம் போனால், முதலில் மூடியதை எடுத்துவிட்டு அதே பிழை வருகிறதா என்று பார்த்துவிட்டு வா என்பார்கள். நாங்கள் பார்க்க முடியாததற்கு நாங்கள் எப்படிப் பதில் சொல்வது என்பதுதான் அவர்கள் கேள்வி.

தம்பிக்கு இது சட்டென்று பிடிபட்டது, எனக்குப் பிடிபட்டதைவிட வேகமாக. “பார்ட்டி நூல்னு டிசில எழுதற மாதிரிங்ண்ணா.” அவன் மாமா நிட்டிங் வைத்திருக்கிறார். ஜாப் ஒர்க்கில் துணி ஓட்டும்போது, நூல் பார்ட்டி கொடுத்ததா நம்முடையதா என்று டிசியில் தெளிவாக எழுதிவிடுவார். நாளைக்குச் சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியில் ஓட்டை விழுந்தால் மில்காரர் நிட்டிங்கைச் சொல்வார், நிட்டிங் சாயத்தைச் சொல்லும், சாயம் நூலைச் சொல்லும். அப்போது அந்த ஒரு வரிதான் பேசும். பார்ட்டி நூல் என்று எழுதுவது பார்ட்டியைத் திட்டுவது அல்ல. துணியை ஓட்ட மாட்டேன் என்று சொல்வதும் அல்ல.

டோர்வால்ட்ஸின் விரலைவிட அவர் கெர்னலின் இந்த எண் எனக்கு இப்போது பெரிதாகத் தெரிகிறது. விரட்டவில்லை, மறைக்கவும் இல்லை, குறித்துக்கொள்கிறது. இன்னொரு குணமும் அதற்கு உண்டு. மூடிய டிரைவரை இறக்கிவிட்டாலும் எண் பழையபடி 0 ஆகாது. மறுபடி முதலிலிருந்து எழும்பும்வரை கறை அப்படியே இருக்கும். உள்ளே இருந்தபோது அது எதைத் தொட்டது என்று தெரியாதல்லவா?

அமெரிக்கச் சிந்தனையாளர் மைக்கேல் வால்சர் 1973இல் அழுக்குக் கைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெரும் தீங்கைத் தடுக்க ஒரு தலைவர் தவறான காரியம் ஒன்றைச் செய்ய நேர்கிறது. செய்தது சரியா என்றால் சரிதான். ஆனாலும் அது தவறுதான், அவர் அதைத் தவறு என்று உணர வேண்டும் என்கிறார். கை சுத்தம் என்று சொல்லிக்கொள்ளும் தலைவரும் வேண்டாம், அழுக்கே தெரியாத தலைவரும் வேண்டாம். ஒரு வீடியோ கார்டுக்கு வால்சர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பெரிய முடிவுகள் நம்மில் பலருக்கு வாய்ப்பதே இல்லை. இந்த அளவு அழுக்குத்தான் நம் கைக்கு வரும்.

ஆனால் தம்பி என்னை அவ்வளவு சுலபமாக விடவில்லை. படத்தை அனுப்பிவிட்டு வந்து கேட்டான்.

“அப்பறம் கிராக்குக்கும் இதுக்கும் என்னங்ண்ணா வித்தியாசம்? அதுவும் பூட்டு, இதுவும் பூட்டு. எதுக்கு இந்தப் பாடு?”

முதலில் வந்த பதில், அது திருட்டு, இது அனுமதியோடு தருவது. சட்டப்படி போதும். அவன் கேட்டது சட்டம் இல்லை. கொஞ்சம் யோசித்து, கிராக்கில் நீ எதை விட்டாய் என்று உனக்கே தெரியாது, கணக்கே இல்லை; இதில் எது பூட்டு, எது திறப்பு என்று பிரித்துத் தெரியும், ஒரே ஒரு அறைதான் பூட்டு என்றேன். சரி என்று தலையாட்டினான். எனக்குத்தான் முழுத் திருப்தி இல்லை. குறித்துவைத்தால் போதும் என்பது உண்டியலில் காசு போட்டால் போதும் என்பதைப் போல ஆகிவிடாதா? 4097 என்று பார்த்து வருத்தப்பட்டுவிட்டு, நாளைக்கு இன்னொன்று, மறுநாள் இன்னொன்று. கறைக்குப் பழகிய கண்ணுக்கு அது வெறும் எண்தான். ஸ்டால்மனைப் போல ஒருவர் கதவருகே நின்று விடவே விடாதே என்று கத்திக்கொண்டே இருப்பதால்தான், விட்டவர்களுக்குத் தாங்கள் விட்டது உறைக்கிறது. அவரைப் போல வாழ எனக்குத் தெம்பில்லை. என் வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்படி வாழ்ந்தேன் என்றால், அதில் எனக்குக் கடிதம் எழுதுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

திறந்துவிட்டோம் என்று கம்பெனி சொல்வதையும் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2022 மே மாதம் என்விடியா கெர்னலோடு ஒட்டும் பகுதியின் நிரலைத் திறந்து வெளியிட்டது. கொண்டாடினோம். பிறகுதான் புரிந்தது, அதுவரை அங்கே இருந்த சரக்கில் பெரும்பகுதி கார்டுக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேருக்குப் போய்விட்டது என்று. ஆசாரத்தை ஊருக்கெல்லாம் திறந்துவிட்டு, சாமான்களை உள் அறைக்கு மாற்றிப் பூட்டிய மாதிரி. அதுவும் டியூரிங் தலைமுறையிலிருந்து வந்த கார்டுகளுக்கு மட்டும். 1060க்கு அந்த ஆசாரமும் இல்லை. இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. ஆசாரம் திறந்ததும் ஒரு திறப்புதான், நூவோகாரர்களுக்கும் அதனால் பயன் உண்டு.

2025இல் இன்னொரு அறிவிப்பு வந்தது. தம்பியின் கார்டுத் தலைமுறைக்கு 580 வரிசை டிரைவர்தான் கடைசி. அதற்குப் பிறகு வரும் புது வரிசைகளில் அது இருக்காது. கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, மின்விசிறிகூடச் சத்தம் போடுவதில்லை. ஆனால் கெர்னல் மாறிக்கொண்டே போகும். பழைய துபாஷிக்கு ஒருநாள் புதுக் கெர்னலின் பேச்சு புரியாமல் போகும். அவனைத் திருத்தி எழுத நம் யாராலும் முடியாது, மூடியிருக்கிறது. எந்த நாள் என்று தெரியாது. ஓனர் கையெழுத்துப் போட்டவனுக்கும் தெரியாது.

செய்தியைப் படித்த அன்று சாயங்காலமே பொங்கலூருக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கோழி ஏற்றும் நாள். வாசலில் லாரி நின்றது, சித்தப்பா எடைத் தராசுப் பக்கம் நின்றிருந்தார், தம்பி அறைக்குள் ஏதோ பூ டிசைனுக்குக் கலர் பிரித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன், ஒன்றையும் விடாமல். உடனே ஒன்றும் ஆகாது, ஆனால் ஆகும் என்றேன். நூவோவுக்குத் திரும்பலாம், மெதுவாக இருக்கும் என்றேன். திறந்த டிரைவர் உள்ள ஏஎம்டி கார்டுக்கு மாறலாம், காசு ஆகும், பிளெண்டரில் ஒத்துவருகிறதா என்று வாங்கும் முன் பார்க்க வேண்டும் என்றேன்.

திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டான்.

“எத்தன வருசம் தாங்குமுங்ண்ணா, தோராயமா?”

“ரெண்டு மூணு வருசம் ஓட்டலாம்னு நெனைக்கறேன். உறுதியாத் தெரியாது.”

“அப்பச் செரி. இந்த மாசமே ஒரு சீட்டுல சேந்துக்கறேன்” என்றான். வெளியே லாரியில் கூண்டுகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அவன் எழுந்து அப்பாவுக்குக் கைகொடுக்கப் போனான்.